வெளிநாட்டுத் தனியார் ஆங்கிலப் பள்ளித் தொடர்களில் ஆசிரியர் பணி

வெளிநாட்டுத் தனியார் ஆங்கிலப் பள்ளித் தொடர்களில் ஆசிரியர் பணி என்பது, ஆங்கிலம் அன்றாட மொழியாக இல்லாத நாடுகளில் பல கிளைகளுடன் இயங்கும் வணிக மொழிப் பள்ளிகளில், வெளிநாட்டவர் ஒப்பந்த அடிப்படையில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியைக் குறிக்கும். ஜப்பான், தென்கொரியா, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் இத்துறை பெருமளவில் வளர்ந்தது. ஜப்பானில் இத்தகைய பள்ளிகள் எய்காய்வா (பொருள்: ஆங்கில உரையாடல்) என்றும், தென்கொரியாவில் தனியார் பயிற்சி நிலையங்கள் ஹாக்வொன் என்றும் அழைக்கப்படுகின்றன.

இப்பணியைப் பற்றி ஆசிரியர்களிடையே நேர்மாறான கருத்துக்கள் உள்ளன. அனுபவம் இல்லாத பட்டதாரிக்கு வெளிநாட்டில் கிடைக்கும் எளிய முதல் வேலை இது என்பர் சிலர். நுழைவிசைவு, தங்குமிடம், சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் இது பாதுகாப்பற்ற வேலை என்பர் வேறு சிலர். 2007 ஆம் ஆண்டில் ஜப்பானின் நோவா நிறுவனம் வீழ்ந்தபோது இவ்விரண்டாவது கருத்து உலகின் கவனத்தைப் பெற்றது. இந்தியப் பட்டதாரிகளைப் பொறுத்தவரை, பணியின் நன்மை தீமைகளுக்கு முன்பாக, எந்த நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது.

வரலாறு

பல நாடுகளில் கிளைகள் கொண்ட மொழிப் பள்ளி என்னும் அமைப்புக்கு முன்னோடி பெர்லிட்சு ஆகும். மாக்சிமிலியன் பெர்லிட்சு என்பவர் 1878 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிராவிடென்சு நகரில் இதனைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத ஒரு பிரெஞ்சு உதவியாளர், மொழிபெயர்ப்பின் துணையின்றி நேரடியாகப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடத்தி மாணவர்களை முன்னேறச் செய்ததைக் கண்டே பெர்லிட்சு தம் கற்பித்தல் முறையை அமைத்துக்கொண்டதாகக் கூறப்படுகிறது. இம்முறையில் மாணவரின் மொழி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே ஓர் ஆசிரியரை எந்த நாட்டுக் கிளைக்கும் அனுப்ப முடிந்தது. இத்துறை உலகெங்கும் பரவ இது ஒரு முக்கிய காரணமாகும்.

தொடக்க காலத்திலேயே இப்பணியின் நிலையின்மை வெளிப்பட்டது. ஐரிய எழுத்தாளர் ஜேம்சு ஜாய்சு 1904 இல் சூரிச் நகரின் பெர்லிட்சு பள்ளியில் வேலை இருப்பதாக நம்பிச் சென்றார். அங்கே அவருக்கு இடம் இருக்கவில்லை. பின்னர் திரியெசுத்து வழியாகப் போலா நகருக்கு அனுப்பப்பட்டு அங்கு ஆசிரியரானார். ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன் 1913 இல் பிரான்சின் போர்தோ நகரில் பெர்லிட்சு பள்ளியில் பணியாற்றினார். 1914 இல் அதனை விட்டுத் தனிப்பயிற்சி ஆசிரியரானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஈசிசி (1962), ஜியாசு (1973), ஏயான் (1973), நோவா (1981) முதலிய நிறுவனங்கள் தோன்றின. ஐரோப்பாவில் சுவீடனின் ஈஎஃப் (1965), இத்தாலியின் வால் சிடிரீட் இங்கிலிசு (1972) ஆகியவை தொடங்கப்பட்டு, பின்னர் ஆசியாவிலும் கிளை பரப்பின.

இயங்கும் முறை

இப்பள்ளிகள் பெரும்பாலும் தொடருந்து நிலையங்களுக்கு அருகிலும் வணிக வளாகங்களிலும் அமைந்துள்ளன. "நிலைய வாசலிலேயே வெளிநாட்டுக் கல்வி" என்னும் பொருள்பட்ட நோவாவின் விளம்பரத் தொடர் ஜப்பானில் புகழ் பெற்றிருந்தது. அலுவலகம், பள்ளி முடிந்த பின் மாணவர்கள் வருவதால் ஆசிரியரின் வேலை நேரம் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். வார இறுதி நாட்களே நெரிசல் மிகுந்தவை.

வணிக அமைப்பின் அடிப்படை முன்பணமாகும். மாணவர் பல மாதங்களுக்கோ, நூற்றுக்கணக்கான வகுப்புகளுக்கோ உரிய கட்டணத்தை முதலிலேயே செலுத்துவார். அதிக வகுப்புகளை ஒருசேர வாங்கினால் ஒரு வகுப்பின் விலை குறையும். இன்னும் நடத்தப்படாத வகுப்புகளுக்கான இப்பணத்தைக் கொண்டு நிறுவனம் புதிய கிளைகளைத் திறக்கிறது. புதிய மாணவர் சேர்க்கை தொடரும் வரை இம்முறை சிக்கலின்றி இயங்கும். சேர்க்கை குறைந்தால், மாணவர் கேட்கும் பணத்தைத் திருப்பித் தரவும் ஆசிரியருக்குச் சம்பளம் வழங்கவும் போதிய பணம் இருக்காது.

ஆசிரியர் ஒப்பந்தம் வழக்கமாக ஓராண்டுக்கு உரியது. ஜப்பானில் முழுநேர ஆசிரியருக்கு மாதம் 2,50,000 யென் என்பது நெடுங்காலம் வழக்கமான சம்பளமாக இருந்தது. பல நிறுவனங்கள் வார வேலை நேரத்தை 29.5 மணி என வரையறுத்தன. முழுநேரப் பணியாளரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கை எட்டாவிட்டால் நலக்காப்பீட்டிலும் ஓய்வூதியக் காப்பீட்டிலும் சேர்க்க வேண்டியதில்லை என்று இவ்வரையறைக்கு விளக்கம் கூறப்பட்டது. 2016 முதல் ஜப்பானிய அரசு, வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவோரையும் படிப்படியாக இக்காப்பீடுகளுக்குள் கொண்டுவந்தது.

ஆசிரியர்களின் கருத்துக்கள்

சாதகமான கருத்துக்கள்

* கற்பித்தல் அனுபவமோ கல்வியியல் பட்டமோ கட்டாயமில்லை. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதுமானது.
* நுழைவிசைவுக்கான பொறுப்பை நிறுவனமே ஏற்கிறது. விமான நிலையத்தில் வரவேற்பது, வீடு பார்த்துத் தருவது, வங்கிக் கணக்குத் தொடங்க உதவுவது ஆகியனவும் பெரிய நிறுவனங்களில் வழக்கம். மொழி தெரியாத நாட்டில் முன்பணமும் பிணையாளரும் இன்றி வீடு பெறுவது கடினம் என்பதால், புதியவர்கள் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர்.
* பாடத்திட்டமும் பாடநூலும் ஆயத்தமாக உள்ளன. விடைத்தாள் திருத்தும் சுமை குறைவு. ஒரு வகுப்பில் ஒருவர் முதல் எட்டுப் பேர் வரையே இருப்பர்.
* பலதரப்பட்ட வயதினருடனும் தொழிலினருடனும் பழகும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஓய்வுபெற்றோர், மருத்துவர், பள்ளிச் சிறுவர் ஆகியோருக்கு ஒரே நாளில் பாடம் நடத்தும் அனுபவத்தைப் பின்னாளில் பல்கலைக்கழக ஆசிரியர்களானோர் பயனுள்ளதாகக் கருதுகின்றனர்.

பாதகமான கருத்துக்கள்

* பாடம் நடத்தும் ஒழுங்கு நிமிடக் கணக்கில் வரையறுக்கப்பட்டிருப்பதால் ஆசிரியரின் திறமைக்கு இடமில்லை. இதனை விரைவுணவுக் கடை வேலையோடு ஒப்பிடுவோர் உண்டு.
* கற்பித்தலுடன் விற்பனையும் எதிர்பார்க்கப்படுகிறது. மாணவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் செய்வது, கூடுதல் பாடநூல்களை வாங்கச் செய்வது ஆகியன ஆசிரியரின் மதிப்பீட்டில் சேர்க்கப்படுவதுண்டு.
* ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் புதியவருக்கும் சம்பள வேறுபாடு மிகக் குறைவு. பதவி உயர்வு என்பது பெரும்பாலும் கற்பித்தலை விட்டு மேலாண்மைக்குச் செல்வதாகவே அமைகிறது.
* வகுப்புக்கு வெளியே மாணவருடன் பழகுவதற்குச் சில நிறுவனங்கள் தடை விதித்தன. நோவாவின் இத்தகைய விதி நீண்டகாலம் சர்ச்சைக்குள்ளாகியிருந்தது.
* சில நிறுவனங்கள் ஆசிரியரை ஊழியராகக் கருதாமல், தனித்தொழில் செய்பவராக ஒப்பந்தம் செய்கின்றன. மாணவர் வராத நேரத்துக்கு ஊதியம் இல்லை. விடுப்பு, காப்பீடு ஆகியனவும் இல்லை.

மேற்கண்ட கருத்துக்கள் பெரும்பாலும் ஆசிரியரின் நோக்கத்தைப் பொறுத்து அமைகின்றன. ஓரிரு ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்ப விரும்புவோர் முதல் வகையினர். கற்பித்தலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர் இரண்டாம் வகைக் கருத்துக்களையே மிகுதியாகக் கூறுகின்றனர்.

நோவாவின் வீழ்ச்சி

நோவா தன் உச்சநிலையில் ஜப்பான் முழுவதும் 900 க்கும் மேற்பட்ட கிளைகளுடன் அந்நாட்டின் மிகப்பெரிய ஆங்கிலப் பள்ளி நிறுவனமாக விளங்கியது. இடையில் விலகும் மாணவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்போது, ஏற்கெனவே நடந்த வகுப்புகளுக்கு அது கூடுதல் விலை போட்டுக் கணக்கிட்டது. இக்கணக்கீட்டு முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 3, 2007 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சூன் மாதம், நீண்டகால ஒப்பந்தங்களைப் புதிதாகச் செய்வதற்குப் பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சு ஆறு மாதத் தடை விதித்தது.

முன்பணத்தை நம்பி இயங்கிய நிறுவனத்துக்கு இத்தடை பேரடியாக அமைந்தது. பழைய மாணவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டனர். புதிய பணம் வரவில்லை. செப்டம்பர் மாதச் சம்பளம் தாமதமானது. அக்டோபர் மாதச் சம்பளம் வரவேயில்லை. ஆசிரியர்களின் சம்பளத்தில் வீட்டு வாடகையைப் பிடித்தம் செய்த நிறுவனம், அதனை வீட்டு உரிமையாளர்களுக்குச் செலுத்தத் தவறியது. தம் பங்கு வாடகையை முறையாகக் கொடுத்திருந்த ஆசிரியர்கள் சிலருக்கு வீட்டைக் காலிசெய்யும்படி அறிவிப்பு வந்தது.

அக்டோபர் 26, 2007 அன்று நோவா, ஏறத்தாழ 4,390 கோடி யென் கடனுடன், ஒசாக்கா மாவட்ட நீதிமன்றத்தில் மறுசீரமைப்புப் பாதுகாப்புக் கோரியது. அப்போது அதில் சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்களும் சுமார் 3 லட்சம் மாணவர்களும் இருந்தனர். ஊர் திரும்பப் பயணச்சீட்டு வாங்கவும் பணமின்றிப் பலர் தவித்தனர். தொழிற்சங்கத்தினர், உணவுக்கு ஈடாகப் பாடம் சொல்லித் தரும் திட்டமொன்றை நடத்தினர். ஆத்திரேலியாவின் குவாண்டாசு நிறுவனம் தன் நாட்டு ஆசிரியர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் பயணச்சீட்டு வழங்கியது. நிறுவனம் நொடித்தால், வழங்கப்படாத சம்பளத்தில் 80 விழுக்காட்டை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு வழங்கும் ஜப்பானியத் திட்டத்தின் மூலம் பலர் பின்னர் ஒரு பகுதியைப் பெற்றனர்.

நோவாவின் பள்ளிகளில் ஒரு பகுதியை ஜி.கம்யூனிகேசன் என்னும் நிறுவனம் ஏற்றது. நிறுவனர் நொசோமு சகாசி, பணியாளர் நலநிதியில் 32 கோடி யென் கையாடல் செய்த வழக்கில் 2009 இல் தண்டிக்கப்பட்டார். ஏப்ரல் 2010 இல் ஜியாசு நிறுவனமும் நொடித்தது.

பிற நாடுகளில்

தென்கொரியா

தென்கொரிய ஒப்பந்தங்களில் இலவசத் தங்குமிடமும், பல வேளைகளில் விமானக் கட்டணமும் அடங்கும். ஓராண்டு நிறைவு செய்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி வழங்கப்பட வேண்டும். இக்கொடையைத் தவிர்ப்பதற்காகப் பதினோராம் மாதத்தில் பணிநீக்கம் செய்வர் என்பது ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறையாகும். 2007 இல் வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. இது பாகுபாடு என இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2015 இல் முடிவு செய்தது. 2017 இல் இவ்விதி நீக்கப்பட்டது.

சீனா

சூலை 2021 இல் சீன அரசு, பள்ளி மாணவரின் சுமையைக் குறைக்கும் நோக்கில், பள்ளிப் பாடங்களுக்கான தனியார் பயிற்சித் துறையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டில் இருந்தபடியே இணையவழியில் சீனச் சிறுவர்களுக்குக் கற்பிக்க வெளிநாட்டவரை அமர்த்துவதும் தடை செய்யப்பட்டது. ஆகத்து 2021 இல் வால் சிடிரீட் இங்கிலிசின் சீனக் கிளைகள் மூடப்பட்டன. முன்பணம் செலுத்தியோரும் ஆசிரியர்களும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர்.

வியட்நாம்

வியட்நாமின் அபாக்சு லீடர்சு என்னும் பள்ளித் தொடர் 2022–2023 காலப்பகுதியில் நெருக்கடிக்குள்ளாகிக் கிளைகளை மூடியது. ஆசிரியர் சம்பள நிலுவை, பெற்றோருக்குத் திருப்பித் தரவேண்டிய முன்பணம் என நோவாவில் கண்ட அதே இரு சிக்கல்கள் இங்கும் எழுந்தன. அதன் தலைவர் மார்ச் 2024 இல் கைது செய்யப்பட்டார்.

தொழிற்சங்கங்கள்

ஜப்பானில் ஒசாக்காவின் செனரல் யூனியன், தோக்கியோ நம்பு ஆகிய சங்கங்கள் மொழிப் பள்ளி ஆசிரியர்களை உறுப்பினர்களாகக் கொண்டுள்ளன. திசம்பர் 2007 இல் பெர்லிட்சு ஆசிரியர்கள் 4.6 விழுக்காடு ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். வகுப்பு தொடங்கும் நேரத்தில் சிறிது நேரம் மட்டும் பணியை நிறுத்தும் முறையில் 100 க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இதில் பங்கேற்றனர். இவ்வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது எனக் கூறி நிறுவனம் 11 கோடி யென் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தது. பிப்ரவரி 2012 இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒப்பந்த ஊழியரான வெளிநாட்டவருக்கும் வேலைநிறுத்த உரிமை உண்டு என்பதற்கு இத்தீர்ப்பு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

2013 இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர், கால வரையறையற்ற ஒப்பந்தத்தைக் கோரலாம்.

தாய்மொழியாளர் நிபந்தனை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்னும் எண்ணம் இத்துறையில் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1961 இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த பொதுநலவாய மாநாட்டோடு இக்கருத்தை இணைத்துக் காட்டிய இராபர்ட் பிலிப்சன், 1992 இல் வெளியான தம் நூலில் இதனை ஒரு தவறான நம்பிக்கை எனச் சாடினார்.

இவ்விவாதத்தில் தென்னாசியர்களுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் பேராசிரியரான சுரேசு கனகராஜா, 1999 இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாண வகுப்பறைகளை அடிப்படையாகக் கொண்டு ஆங்கிலக் கற்பித்தலில் உள்ள மேலாதிக்கத்தை ஆராய்ந்தார். இலங்கையரான சார்ச்சு பிரெயின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்களுக்கென 1998 இல் டெசோல் அமைப்பினுள் ஒரு குழு உருவாகக் காரணமானார். டெசோல் அமைப்பு 2006 இல் இப்பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தல் முறையின் முன்னோடிகளுள் ஒருவர் என். எசு. பிரபு. 1979–1984 காலப்பகுதியில் அவர் பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டத்திலிருந்து இம்முறை உருப்பெற்றது. தென்னிந்திய வகுப்பறைகளில் பிறந்த ஒரு கற்பித்தல் முறை உலகம் சுற்றியது. ஆனால் அதே வகுப்பறைகளின் ஆசிரியர்களுக்குப் பல நாடுகளின் நுழைவிசைவு விதிகள் இடம் தரவில்லை.

தமிழகப் பட்டதாரிகள்

கடலூர் மாவட்டத்துக்கு ஆங்கில மொழியுடன் நீண்ட தொடர்பு உண்டு. கடலூரில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேய கிழக்கிந்திய நிறுவனம் 1690 இல் வாங்கியது. 1746 முதல் 1752 வரை அதுவே சோழமண்டலக் கரையில் நிறுவனத்தின் தலைமையிடமாக இருந்தது. சிதம்பரத்தில் 1929 இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979 முதல் தொலைநிலைக் கல்வி மூலமாகவும் பட்டங்களை வழங்கிவந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக் கல்வியை முடித்து, சிதம்பரத்தில் ஆங்கில முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அவருடைய நிலை நாட்டுக்கு நாடு பின்வருமாறு வேறுபடும்.

* தென்கொரியா: ஹாக்வொன்களில் கற்பிப்பதற்கான ஈ-2 நுழைவிசைவு ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, அயர்லாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே உரியது. சனவரி 1, 2010 இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு உடன்பாடு, ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற இந்தியருக்குப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகும் வழியைத் திறந்தது. ஹாக்வொன்களுக்கு இது பொருந்தாது.
* ஜப்பான்: நாட்டுரிமை அடிப்படையில் சட்டத் தடை இல்லை. ஆனால் தாய்மொழியாளர் அல்லாதவர் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் பயின்றதற்குச் சான்று கேட்பது நிறுவனங்களின் வழக்கம். இதனால் ஆங்கில வழிப் பள்ளியில் பயின்ற பொறியியல் பட்டதாரி தகுதி பெறுவார். தமிழ் வழியில் பயின்று ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பெற்றவர் தகுதி பெறாமல் போகலாம்.
* சீனா: ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் குடியுரிமையைப் பணி அனுமதி விதிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன.
* வளைகுடா நாடுகள், மாலைத்தீவுகள்: இங்கு உரையாடல் பள்ளிகளைவிட முழுநேர ஆங்கில வழிப் பள்ளிகளே இந்திய ஆசிரியர்களை மிகுதியாக அமர்த்துகின்றன. கல்வியியல் பட்டம் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு.

பட்டத்தின் ஏற்புநிலையும் கவனத்துக்குரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான தன் ஏற்பு 2014–15 கல்வியாண்டு வரையே இருந்ததாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் அறிவித்தது. வெளிநாட்டில் பட்டத்தைக் காட்ட வேண்டியவர், அது பெறப்பட்ட ஆண்டில் ஏற்பு இருந்ததா என உறுதிசெய்துகொள்வது தேவையாகிறது. இந்தியா 2005 இல் கேக் அப்பொசுட்டில் உடன்படிக்கையில் இணைந்தது. உறுப்பு நாடுகளில் பயன்படுத்தும் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சின் அப்பொசுட்டில் முத்திரை பெறப்படுகிறது.

இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், 1983 இன்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் ஆகும். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. எனவே பட்டதாரி ஆசிரியரின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் முன்கூட்டிச் சரிபார்ப்பதில்லை; அதனைப் படித்து அறியும் பொறுப்பு ஆசிரியரையே சாரும்.

ஒப்பந்தத்தில் கவனிக்கப்படுபவை

மேற்கண்ட நிகழ்வுகளின் பின்னர், அனுபவமுள்ள ஆசிரியர்களும் சங்கங்களும் புதியவர்களுக்குப் பொதுவாகச் சுட்டிக்காட்டும் கூறுகள் பின்வருவன:

# பணியாளராக அமர்த்தப்படுகிறாரா, தனித்தொழில் செய்பவராகவா என்பது.
# வாரத்தில் வகுப்பு நேரம் எவ்வளவு, பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பது. இவ்விரண்டும் வேறானவை.
# வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது என்பது. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டால், உரிமையாளருக்குச் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறலாம்.
# வேலையை மாற்றினால் நுழைவிசைவு தொடருமா என்பது. ஜப்பானில் நுழைவிசைவு நிறுவனத்தோடு பிணைக்கப்படுவதில்லை. மாற்றத்தைக் குடிவரவுத் துறைக்கு அறிவித்தால் போதும். தென்கொரியாவில் பழைய நிறுவனத்தின் இசைவு பல வேளைகளில் தேவைப்படுகிறது.
# காப்பீடு, பணிக்கொடை, திரும்பும் பயணச்சீட்டு ஆகியன எழுத்தில் உள்ளனவா என்பது.
# முதல் மாதச் சம்பளம் எந்த நாளில் கிடைக்கும் என்பது. பல நிறுவனங்களில் இது பணியில் சேர்ந்து ஆறு, ஏழு வாரங்களுக்குப் பின்னரே கிடைக்கும்.

இவற்றையும் பார்க்க

* ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பித்தல்
* பெர்லிட்சு
* நோவா (ஜப்பானிய நிறுவனம்)
* அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
* புனித டேவிட் கோட்டை
* சுரேசு கனகராஜா